தண்டம் 250 கோடி, தாய்க்கு எவ்வளவு?

தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும் 2027 மே கெடு பற்றி எழுதியதிலிருந்து வாசகர் கடிதங்கள் ஓயவில்லை. பாதிப் பேருக்கு ஒரே கவலை: பிள்ளைக்கு எடுத்த ஐ.க்யூ. அறிக்கையும் வேலைக்குச் சேரும்போது எழுதிய உளவியல் சோதனையும் யார் யார் கைக்குப் போகும்? ஒரு தாய் எழுதுகிறார்: மகனுடைய அறிக்கையின் முதல் பக்கம், மதிப்பெண்ணுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டபடி, பள்ளி வேன் வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கிறது.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக வந்துவிட்டால் இதற்கெல்லாம் விடிவு என்று நம்புகிறவர்கள் அதன் 44-ஆவது பிரிவைப் படிக்க வேண்டும். கெடு நாளில் அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவைத் தூக்கிவிடுகிறது. 43ஏ பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காயாகக் கிடந்ததுதான். ஆனாலும் அதன்கீழ் வந்த 2011 விதிகள் மனநலத் தகவலைக் கூடுதல் கவனம் தேவைப்படும் தனி வகையாக வைத்தன. நிறுவனத்தின் அலட்சியத்தால் தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவரே இழப்பீடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் விசாரிப்பார்.

2023 சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. பையனின் ஐ.க்யூ.வும் அவன் வரவழைத்த பீட்சாவும் ஒரே தராசில். கசியவிட்ட நிறுவனத்துக்குத் தண்டம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் அந்தப் பணம் சேருவது இந்தியத் தொகுப்பு நிதியில். மானம் போனது ஒருவருக்கு, வரவு கஜானாவுக்கு. தாய்க்கு இந்தச் சட்டத்தில் ஒரு ரூபாய் கிடையாது. பொய்ப் புகார் என்று தரவுப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தால் அவரே 10,000 ரூபாய் வரை கட்ட நேரலாம்!

இன்னொரு வேடிக்கை: பீரோவில் கிடக்கும் காகித விடைத்தாளை இந்தச் சட்டம் தொடாது. ஸ்கேன் செய்து ஏற்றினால்தான் உள்ளே வரும்.

மற்ற கேள்விகள்:

விடைத்தாள் நகல் கிடைக்குமா? புதிய சட்டம் தருவது 'சுருக்கம்' மட்டும். யாருடன் பகிர்ந்தார்கள் என்றும் கேட்கலாம்.

வினாத்தாளைத் தர உளவியலாளர் மறுக்கிறாரே? நியாயம்தான், கேள்விகள் வெளியே போனால் அந்தச் சோதனை செத்தது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் காக்காதா? அதன் 23-ஆவது பிரிவு மனநோய் உள்ளவர்களுக்கு. அறிவுத்திறன் குறைபாட்டை அந்தச் சட்டம் மனநோயாகக் கணக்கிடவில்லை.

வேலை கொடுத்தவர் சம்மதம் கேட்க வேண்டாமா? 'பணி நோக்கம்' என்ற பெயரில் புதிய தரவுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு அவருக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

சோதனைக்கு உட்காரும் முன்பே அறிக்கை யார் யாருக்குப் போகும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கசிந்திருந்தால், 43ஏ உயிரோடு இருக்கும்போதே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.