தூரத்து வானொலியும் தீர விசாரித்தலும்

ஒலுவில் கடற்கரையில் நின்று நேர் கிழக்கே நோக்கினால் நிக்கோபார்த் தீவுகள் வரை, ஏறக்குறைய 1,300 கிலோமீற்றருக்கு, இடையில் நிலமே இல்லை. மலையோ மாடிக் கட்டடமோ மறைக்காத இக்கரை தொலைதூர வானொலி நிலையங்களைத் தேடிக் கேட்பதற்கு மிகவும் வாய்ப்பான இடமாகும். உலகின் பல நாடுகளில் இதனை ஒரு பொழுதுபோக்காகவே பயில்கிறார்கள். டீ.எக்ஸிங் என்று அதற்குப் பெயர். டீ.எக்ஸ். என்பது தந்திக் காலத்தில் தூரத்தைக் குறித்த சுருக்கெழுத்து. இது எவ்வாறு நடைபெறுகிறது, எமது இளைஞருக்கு இதனால் என்ன பயன் என்பவற்றை இங்கு நோக்குவோம்.

அலை வரும் வழி

பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. ஆதலால் அது அதிக தூரம் எட்டுவதில்லை. மத்திய அலையோ பகலில் தரையையும் கடலையும் ஒட்டிச் செல்கிறது. உப்புநீர் மின்னை நன்கு கடத்துவதால் தரையைவிடக் கடலின்மேல் அது கூடிய தூரம் போகும். மேல்நோக்கிச் செல்லும் பகுதியை, 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் சூரிய ஒளியால் உண்டாகும் மின்னூட்டப் படை பகலில் விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அப்படையும் மறைகிறது. அப்போது அலை இன்னும் உயரத்திலுள்ள படையிற் பட்டுத் தெறித்து, பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இறங்குகிறது. மஃரிபுக்குப் பின் இந்திய நிலையங்கள் தெளிவாகக் கேட்பது இதனாலேயே. சிற்றலை பகலிலும் இவ்வாறு தெறித்துக் கண்டம் விட்டுக் கண்டம் செல்லக்கூடியது.

வேண்டிய பொருட்கள்

சிற்றலையும் மத்திய அலையும் உள்ள, பற்றறியில் இயங்கும் ஒரு சிறிய வானொலிப் பெட்டியும் ஒரு கொப்பியும் போதும். மத்திய அலைக்குரிய ஏரியல் பெட்டிக்குள்ளேயே இருப்பதால், பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்துக் கேட்க வேண்டும். சிற்றலைக்குப் பத்துப் பதினைந்து மீற்றர் செப்புக் கம்பியை இரு தென்னைகளுக்கிடையே கட்டி, அதன் நுனியைப் பெட்டியின் ஏரியலுடன் தொடுத்தால் நல்ல பயன் கிடைக்கும். மின்சாரக் கம்பிகளுக்கு அருகில் இதனைக் கட்டலாகாது. இடி மின்னல் வேளையில் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். எல்.ஈ.டி. மின்குமிழ்களும் தொலைபேசிச் சார்ஜர்களும் இரைச்சலை எழுப்புவதால், வீட்டைவிடக் கடற்கரையே நல்லது.

எமது பிராந்தியத்தில் மத்திய அலை நிலையங்கள் 531 முதல் 1602 கிலோஹேர்ட்ஸ் வரை, ஒன்பது ஒன்பதாக இடைவெளி விட்டு அமைந்துள்ளன. அந்த எண்கள் யாவும் 9ஆல் மீதியின்றி வகுபடும். அமெரிக்காவில் இடைவெளி பத்து. இலக்கப் பெட்டி வாங்குவோர் அதனை ஒன்பதுக்கு மாற்றும் வசதி உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கொப்பியில் எழுதும் ஒழுங்கு

கேட்ட திகதி, உலகப் பொது நேரம், அலைவரிசை, நிகழ்ச்சியின் விபரம் ஆகியவற்றை அப்போதே எழுதிவிட வேண்டும். எமது நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலத்தைக் கழித்தால் உலகப் பொது நேரம் வரும். ஒலியின் வலு, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், ஒலி மங்கி எழுதல், மொத்தத் தரம் ஆகிய ஐந்துக்கும் 1 முதல் 5 வரை புள்ளியிடுவது வழக்கம். இவ்விபரங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினால், அவர்கள் தமது பதிவேட்டுடன் ஒப்பிட்டு, சரியாயின் கியூ.எஸ்.எல். எனப்படும் உறுதி அட்டையை அனுப்பிவைப்பர்.

இங்குதான் முக்கியமான விதி ஒன்று உண்டு. நிலையத்தின் பெயரைக் காதால் கேட்காமல் அதனைக் கேட்டதாக எழுதலாகாது. அரபு கேட்டதென்பதற்காக றியாத் என்று எழுத முடியாது. ஈரானும் சீனாவுங்கூட அரபில் ஒலிபரப்புகின்றன. ஊகித்ததை ஊகமென்றும், கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்து எழுதுவதே நல்ல நேயருக்கு இலக்கணம்.

எமக்கு இது ஏன்?

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு கதை கிளம்பியது. கடைகள் தாக்கப்பட்டன. பள்ளிவாசலும் சேதமாக்கப்பட்டது. உணவிலிருந்தது வெறும் மாப்பொருளே என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அறிக்கை வரமுன் அழிவு நடந்து முடிந்திருந்தது. கையிலுள்ள தொலைபேசி, கேட்ட கணமே பிறருக்கு அனுப்பப் பழக்குகிறது. தூரத்து வானொலியோ, உறுதியாகும் வரை பொறுத்திருக்கப் பழக்குகிறது.

இப்பொறுமை எமது மக்களுக்குப் புதிதன்று. பிறை கண்டதாக எவரோ சொன்னவுடன் பெருநாள் கொண்டாடுவதில்லை. சாட்சிகளை விசாரித்துக் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் எடுக்கப்படும் முடிவை வானொலி அறிவிக்கும் வரை ஊரே காத்திருக்கும். வரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு அல்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் பணிக்கிறது. பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்பது பத்துக் கட்டளைகளுள் ஒன்று. போர்க்காலத்திலும் எமது மூத்தோர் கொழும்பையும் லண்டனையும் மணிலாவையும் மாறிமாறிக் கேட்டு, மூன்றையும் ஒப்பிட்டே ஒரு முடிவுக்கு வந்தனர்.

அந்நிலையங்களுள் சில இன்றில்லை. பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் நின்றது. வெரித்தாஸ் வானொலியும் 2018 நடுப்பகுதியில் சிற்றலையைக் கைவிட்டது. எனினும் சீனா, ஜப்பான், துருக்கி, ருமேனியா முதலிய நாடுகளின் நிலையங்கள் இன்றும் சிற்றலையில் ஒலிக்கின்றன. ஆபத்து வேளையிலும் இவ்வலை கைகொடுக்கும். 2004 கடற்கோளின் பின் தொலைபேசிகள் செயலிழந்திருந்த அம்பாந்தோட்டையில், பொழுதுபோக்கு வானொலியாளரே சிற்றலை மூலம் கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தனர்.

ஒவ்வோர் ஊரிலும் ஐந்தாறு இளைஞர் சேர்ந்து ஒரு நேயர் குழுவை அமைக்கலாம். முஸ்லிம், தமிழ், சிங்களப் பிள்ளைகள் சேர்ந்திருந்தால் மிக நன்று. ஒரே நிலையத்தை ஒரே நேரத்தில் கேட்டு, ஒருவரை ஒருவர் பாராமல் எழுதி, பின்னர் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஒலி நான்கு காதில் நான்கு விதமாக விழுந்திருப்பதைக் காண்பீர்கள். அதைக் கண்டவர் அடுத்த வதந்தியை அனுப்புமுன் ஒரு நிமிடமாவது தாமதிப்பார். அந்த ஒரு நிமிடம் ஓர் ஊரைக் காக்கவும் கூடும்.