பிடரியிலிருந்து நெற்றிக்கு

முடி மாற்று அறுவை சிகிச்சையில் புதிதாக ஒரு மயிர்க்கால்கூட உண்டாவதில்லை. இருப்பதுதான் இடம் மாறுகிறது. இது தெரிந்தால் விளம்பரங்களில் பாதியின் சாயம் வெளுத்துவிடும்.

ஆண்களின் வழுக்கைக்குப் பரம்பரையோடு சேர்ந்து காரணமாவது டிஹெச்டி என்கிற ஹார்மோன். நெற்றி, உச்சந்தலை மயிர்க்கால்கள் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் சுருங்கி, முடி பூனைமயிராக மெலிந்துவிடும். பிடரியில் உள்ளவை அசைந்துகொடுப்பதில்லை. வழுக்கை விழுந்த தாத்தாக்களுக்கும் பின்மண்டையில் முடி நிற்பது அதனால்தான். நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1950களில் பிடரி மயிர்க்கால்களை முன்தலையில் நட்டார். போன இடத்திலும் அவை பழைய குணத்தோடு வளர்ந்தன. 1959-ல் வெளியான அவருடைய கட்டுரைதான் இந்தச் சிகிச்சைக்கு அஸ்திவாரம்.

அன்று தோலைத் துளைத்த கருவி 4 மில்லிமீட்டர் அகலம். கொத்துக் கொத்தாக நட்டதில் தலை பொம்மைத் தலை போல ஆனது. இன்றைய எஃப்.யூ.இ. முறையில் துளை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். மரத்துப்போக ஊசி போட்டு, ஒன்று முதல் நான்கு முடி கொண்ட 'கிராஃப்ட்'டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, காயாமல் கரைசலில் போட்டுவைக்கிறார்கள். நடுவதில்தான் கைத்திறன். முன்வரிசையில் ஒற்றை முடிகள் மட்டுமே, அதுவும் சற்றுக் கோணல்மாணலாக. அளவுகோல் வைத்த மாதிரி நட்டால் விக் என்றே தோன்றும். 2,000 கிராஃப்டுக்கு ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

நட்ட முடி சில வாரங்களில் கொட்டும். வேர் உள்ளேதான் இருக்கிறது, பயம் வேண்டாம். மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கும். முழுப் பலனுக்கு ஓராண்டு ஆகும்.

தழும்பு குறைந்தது, கூச்சமும் குறைந்தது. கால்பந்து வீரர் வெய்ன் ரூனி தான் முடி நட்டுக்கொண்டதை 2011-ல் தானே ட்விட்டரில் அறிவித்தார். ஓட்டல் அறையோடு பேக்கேஜ் போட்டு இஸ்தான்புல் உலகத்தையே இழுக்கிறது. நம்மூரிலும் கிளினிக்குகள் பெருகிவிட்டன. ஆனால் இருபது வயதில் அவசரப்படுவது சரியல்ல என்பேன். பிடரியின் கையிருப்பு அளவானது. வழுக்கை இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்பது அந்த வயதில் தெரியாது.

2016-ல் சென்னையில் இந்தச் சிகிச்சைக்குப் பின் ஒரு மருத்துவ மாணவரே உயிரிழந்தார். யூடியூப் பார்ப்பது போதுமான பயிற்சியாகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் எழுதிவைக்க வேண்டியிருந்தது. முன்பணம் கட்டுமுன், கத்தி பிடிக்கப்போவது யார், அவர் மருத்துவ கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.