முதலாளிக்கு யார் லீவு கொடுப்பது?

"ஞாயித்துக்கிழமையா? எங்களுக்கு ஏது சார் ஞாயித்துக்கிழமை!"

மளிகைக் கடைக்காரரைக் கேட்டாலும் சரி, வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கும் அக்காவைக் கேட்டாலும் சரி, இதே பதில்தான் வரும். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும். ஆனால் உடம்பு அதைப் பெருமையாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 6 மணிக்குப் பால் பாக்கெட்டோடு கடை திறப்பவர், இரவு 10 மணிக்கு ஷட்டரை இறக்குகிறார். குளியல், சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்தாலும் நாளொன்றுக்கு 14 மணி நேரம். ஏழு நாளும் திறந்தால் வாரத்துக்கு 98 மணி நேரம்!

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35 சதவிகிதம் அதிகம். இதய ரத்தக்குழாய் அடைப்பு நோயால் இறக்கும் அபாயம் 17 சதவிகிதம் அதிகம். 55-க்கே இந்தக் கதி என்றால் 98-க்கு?

கடைப் பையனுக்காவது சட்டம் துணை இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே அவனுக்கு வாரம் ஒருநாள் விடுமுறை தந்துவிட்டது. 2021-ல் வந்த திருத்தம், அவன் உட்காரவும் ஏற்பாடு செய்யச் சொல்கிறது. முதலாளிக்கு? அவருக்கு அவரேதான் லீவு கொடுத்துக்கொள்ள வேண்டும்!

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நாம் நன்றாகத் தூங்கும்போது ரத்த அழுத்தம் சற்றே இறங்கும். இதயத்துக்கு அதுதான் இளைப்பாறும் நேரம். தூக்கம் குறைந்தால் இந்த இறக்கம் சரியாக நடக்காது. இன்சுலின் வேலை செய்யும் திறனும் குறையும். சர்க்கரை எட்டிப் பார்க்கும். பசி கூடும், கை தானாகவே மிக்சர் பாட்டிலைத் தேடும். நாள் முழுக்க நின்றே வியாபாரம் செய்தால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். காரணமில்லாமல் எரிந்து விழுவது, பாக்கிச் சில்லறையில் தப்பு வருவது... இதெல்லாம்கூட களைப்பின் அறிகுறிதான்.

"வேலை முடிஞ்சதும் ரெஸ்ட் எடுத்துக்கலாம்"

இங்கேதான் தப்பு செய்கிறோம். ஆபீஸ் வேலைக்கு ஒரு மணி அடிக்கும். சொந்தத் தொழிலில் வேலை முடிவதே இல்லையே! மிச்சமாகும் நேரத்தில் ஓய்வு என்றால் மிச்சம் என்று எதுவும் இருக்காது. கடை வாடகையையும் சீட்டுப் பணத்தையும் முதலில் எடுத்து வைக்கிறோம் அல்லவா? ஓய்வையும் அப்படித்தான் முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும்.

எப்படி எடுத்து வைப்பது?

* இரண்டு வாரம், எந்த மணிக்கு எவ்வளவு வியாபாரம் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். மதியம் 2 முதல் 4 வரை ஈ ஓட்டுகிறீர்கள் என்றால், தயங்காமல் ஷட்டரைப் பாதி இறக்குங்கள். நிதானமாகச் சாப்பிட்டு, 20 நிமிஷம் கண்ணை மூடுங்கள்.

* வாரத்தில் அரை நாள் கட்டாய விடுமுறை. "ஞாயிறு மதியம் 1 மணிக்கு மேல் கடை இல்லை" என்று போர்டு மாட்டுங்கள். "வாடிக்கை போயிடுமே?" என்று மனசு அடித்துக்கொள்ளும். ஒன்றிரண்டு பேர் அடுத்த கடைக்குப் போகத்தான் செய்வார்கள். ஆனால் அரிசியும் பருப்பும் வாங்குகிறவர்கள், நேரம் பழகிவிட்டால் முன்கூட்டியே வந்து வாங்கிக்கொள்வார்கள்.

* தீபாவளிக்கு முன்னால் டெய்லர் கடையில் "ஆர்டர் குளோஸ்டு" என்று எழுதி வைப்பார்களே, அதை வாரா வாரம் செய்யலாம். இத்தனை பிளவுஸுக்கு மேல் இந்த வாரம் இல்லை என்று ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

* லீவு நாளில் சரக்கு எடுக்கப் போவது, கணக்கு எழுதுவது, போனில் ஆர்டர் வாங்குவது எல்லாம் ஓய்வில் சேராது!

* அவர் தூங்க, அம்மா கல்லாவில் உட்கார்ந்துவிட்டு அப்படியே சமையலறைக்குள் போனால் ஓய்வு ஒருவருக்குத்தான். அந்த அரை நாள் இருவருக்கும் வேண்டும்.

* ராத்திரித் தூக்கம் குறைந்தது 7 மணி நேரம். முடியவில்லை என்றால், கடையை ஒரு மணி நேரம் முன்னதாக மூடிப் பாருங்கள்.

முப்பது வயதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக்கொள்வது அவசியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள். நெஞ்சில் இறுக்கம், வாய் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை துவள்வது, பேச்சுக் குழறுவது... இதில் எது வந்தாலும் "கடையை மூடிட்டுப் போறேன்" என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆயுத பூஜையன்று தராசையும் தையல் மெஷினையும் துடைத்துப் பொட்டு வைத்து, அன்றைக்கு அவற்றிடம் வேலை வாங்காமல் விடுகிறோம். அந்தத் தராசைப் பிடிக்கிற கைக்கு, வாரத்தில் அரை நாளாவது கொடுக்கக் கூடாதா?