தஞ்சைச் சந்துகளில் கெடிஸ்

வரைபடத்தின்மீது அளவுகோலை வைத்து இரு கோடு இழுத்தால் சாலை அகலமாகிவிடும். அக்கோடுகளுக்கிடையே அகப்படும் திண்ணையும் கிணறும் படத்தில் தெரிவதில்லை. இதைக் கண்டித்தவர் ஸ்காத்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ் (1854–1932).

சென்னை ஆளுநர் பென்ட்லண்டு பிரபு அழைக்க, 1914இல் அவர் இந்தியா வந்தார். அவருடைய நகர்க் கண்காட்சிப் பொருள்களோடு வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. அவ்வாண்டு அக்டோபரில் நம் பினாங்குத் துறைமுகத்தில் குண்டு வீசிய எம்டனே அது!

1915இல் மாகாண நகரங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதினார். தஞ்சைக் கோட்டையின் நெருக்கத்தைப் போக்க, குடியிருப்பை ஊடறுத்து நேர்தெருக்கள் அமைப்பது நகராட்சியின் எண்ணம். கெடிசோ சந்து சந்தாக நடந்தார். பாழடைந்த வீடுகளை மட்டும் குறித்தார். அவற்றை அகற்றினாலே முடுக்கு அகலும், இடையிடையே சிறுவெளியும் மரநிழலும் வாய்க்கும், செலவும் குறையும் எனக் காட்டினார். இதற்கு அவர் இட்ட பெயர், 'காக்கும் அறுவை மருத்துவம்'.

லாரிகள் விரையும் பெருவழிக்கு இம்முறை போதாதுதான். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி வேறு. வீட்டுக்காரனுக்கு ஈட்டுத்தொகை கிடைக்கும். வாடகைக்குக் குடியிருந்தவன் எங்கே போவான்? அடுத்த சந்துக்குத்தான். நெருக்கம் தீரவில்லை, இடம் மாறுகிறது.