மலையுச்சிக் காவலும் காட்டுத் தீயும்

பெங்களூர் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் நந்தி மலை உள்ளது. நகருக்கு மேற்கே, மாகடிக்கு அருகில், ஒரே பாறையாக எழுந்து நிற்பது சாவனதுர்க்கம். கடல் மட்டத்திற்கு மேல் முன்னதன் உயரம் 1,478 மீட்டர். பின்னதன் உயரம் 1,226 மீட்டர். இரண்டும் பண்டைக் கோட்டைகள். மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791ஆம் ஆண்டில், காரன்வாலிஸ் பிரபுவின் படையினர் இவ்விரண்டையும் கைப்பற்றினர். நாற்புறமும் நெடுந்தொலைவு காண இயலும் இடங்களாதலின், பகைவரின் வரவை முன்கூட்டி அறிவதற்கு இவை ஏற்றவையாக இருந்தன. இன்று விடுமுறை நாட்களில் ஆசிரியரும் மாணவரும் பிறரும் இவற்றின்மீது ஏறி, கீழே விரிந்து கிடக்கும் ஏரிகளையும் வயல்களையும் காடுகளையும் கண்டு மகிழ்கின்றனர்.

இத்தகைய உயர்ந்த இடங்களால் மற்றொரு பயனும் உண்டு. காட்டில் எழும் தீயை, அது சிறிதாக இருக்கும்போதே கண்டறிந்து, எழுந்த இடத்தை நிலப்படத்தில் குறித்து, அணைப்போருக்குச் செய்தி அனுப்புதலே அப்பயன். இப்பணி நடைபெறும் முறையையும் அதன் எல்லைகளையும் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

தீயை விரைவில் காண்பதன் தேவை

கர்நாடக மாநிலத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு, கேரள எல்லைகளை ஒட்டி, பந்திப்பூர்க் காடு அமைந்துள்ளது. அதன் பெரும்பகுதி இலையுதிர் காடு. மழை நின்ற பின்னர் மரங்கள் இலைகளை உதிர்க்கின்றன, புல் காய்ந்துவிடுகிறது, எங்கும் புதராகப் பரவியுள்ள உண்ணிச்செடியும் உலர்ந்து விறகு போலாகிறது. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் ஒரு பீடித் துண்டே பெருந்தீக்குக் காரணமாகிவிடக்கூடும்.

இக்காட்டில் 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீயை அணைக்க முயன்ற வனக் காவலர் ஒருவர் உயிரிழந்தார். 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாளன்று தொடங்கிய மற்றொரு தீ, 1,454 மீட்டர் உயரமுள்ள கோபாலசுவாமி பெட்டா என்னும் மலையைச் சுற்றிய பகுதியில் சில நாட்கள் எரிந்து, 4,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டை அழித்தது. இறுதியில் இந்திய விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் நீர் சுமந்து சென்று ஊற்ற வேண்டியதாயிற்று.

தொடக்க நிலையிலுள்ள தரைத்தீயை நான்கைந்து பேர் பச்சைத் தழைகளால் அடித்தே அணைத்துவிடலாம். அதே தீ காற்றின் துணையுடன் சில மணி நேரம் பரவியபின் நூற்றுக்கணக்கானோர் கூடினும் எளிதில் அடங்குவதில்லை. ஆகவே, தீயணைப்பில் முதல் ஒரு மணி நேரமே பெரும்பாலும் வெற்றி தோல்வியை முடிவு செய்கிறது எனலாம்.

கண் காணும் தொலைவு

பூமி உருண்டையாதலால், உயரம் மிகுந்தோறும் அடிவானம் விலகிச் செல்கிறது. சுற்றியுள்ள சமவெளிக்கு மேல் நிற்கும் இடத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், அடிவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் நிற்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், அடிவானம் ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டரில் முடிகிறது. 25 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தில் ஏறினால் அது 18 கிலோமீட்டராகிறது. நந்தி மலை சுற்றுச் சமவெளிக்கு மேல் சுமார் 550 மீட்டர் உயர்ந்துள்ளமையின், அதன் உச்சியில் நிற்பவருக்கு அடிவானம் 80 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது.

எனினும் இது கணக்கு தரும் எல்லை மட்டுமே. காற்றிலுள்ள தூசியும் நீராவியும் தொலைவிலுள்ள பொருள்களை மங்கச் செய்கின்றன. கோடையில் சிறு புகை நன்கு புலப்படும் தொலைவு இதனினும் மிகக் குறைவு. மேலும், உச்சியிலிருந்து நோக்குவோருக்கு ஒரு குன்றின் மறுபுறச் சரிவும் ஆழ்ந்த பள்ளத்தாக்கும் மறைந்தே இருக்கும். ஆதலின் ஒரு கோபுரத்திற்கு மறைவாகும் பகுதி மற்றொன்றிற்குத் தெரியுமாறு இடம் தேர்தல் வேண்டும்.

புகையை இனங்காணல்

காலை வேளையில் பள்ளத்தாக்குகளில் தங்கும் மூடுபனியையும், வண்டிப்பாதையில் எழும் தூசியையும் புகையெனப் பிழையாகக் கருதுவதுண்டு. மூடுபனி வெயில் ஏறியதும் கலைந்துவிடும். தூசி வண்டியுடன் நகர்ந்து செல்லும். புகைக்கோ நிலையான அடி ஒன்று உண்டு. அது ஓரிடத்திலிருந்து இடைவிடாது எழுந்து, மேலே சென்றபின் காற்றின் திசையில் சாயும். ஈரமான புல்லும் தழையும் எரிந்தால் புகை வெண்மையாகவும், எண்ணெயோ பிசினோ மிகுந்த பொருள் எரிந்தால் கருமையாகவும் இருக்கும். ஊர்ப்புறத்து அடுப்புகள், சூளைகள், வயலில் தாள் எரிக்கும் இடங்கள் ஆகியவற்றை முன்னரே படத்தில் குறித்து வைத்துக்கொண்டால் வீண் அலைச்சல் தவிரும்.

இடத்தைக் குறிக்கும் முறை

புகை தெரிகிறது என்று சொன்னால் மட்டும் போதாது. அது எங்கே என்று சொல்லுதல் வேண்டும். ஓர் உச்சியிலிருந்து திசையை மட்டுமே திட்டமாக அறியலாம். தொலைவை அறிதல் கடினம். ஆனால் இரண்டு உச்சிகளிலிருந்து ஒரே புகையின் திசையை அளந்து, படத்தில் இரு கோடுகளை வரைந்தால், அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியே தீ எழுந்த இடமாகும்.

இம்முறைக்கும் பெங்களூருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வில்லியம் லாம்டன் என்பார் 1800ஆம் ஆண்டில் பெங்களூருக்கு அருகே தரையில் ஓர் அடிக்கோட்டை அளந்து, முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். 1802இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் மற்றோர் அடிக்கோட்டை அளந்தார். குன்றிலிருந்து குன்றை நோக்கிக் கோணம் அளந்தே இந்திய நாட்டின் படம் உருவாயிற்று. படம் வரைவதற்குக் கையாண்ட அதே கணிதமே தீயின் இடத்தையும் காட்டித் தருகிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1910ஆம் ஆண்டு நேர்ந்த பெருந்தீ ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் காட்டை எரித்தது. அதன்பின் அந்நாட்டு மலையுச்சிகளில் காவற் குடில்கள் பெருமளவில் அமைக்கப்பட்டன. ஆசுபர்ன் என்னும் வனத்துறை அலுவலர் அக்குடில்களுக்கென ஒரு கருவியை அமைத்தார். வட்டமான மேசையின்மீது சுற்றுப்புறப் படம் ஒட்டப்பட்டிருக்கும். அதன் விளிம்பில் பாகைகள் குறிக்கப்பட்டிருக்கும். சுழலும் வளையத்திலுள்ள துளையின் வழியே புகையை நோக்கினால் திசைக்கோணம் உடனே தெரியும். அக்குடில்களுள் பல பிற்காலத்தில் பணியிலிருந்து நீக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் சிலவற்றைக் காண்பதற்கென்றே இன்று மக்கள் மலையேறிச் செல்கின்றனர்.

கோணத்தை அளப்பதில் ஒரு பாகை பிழை நேர்ந்தால், 10 கிலோமீட்டர் தொலைவில் இடம் ஏறத்தாழ 175 மீட்டர் விலகிவிடும். இரு கோடுகளும் செங்கோணத்திற்கு அண்மையில் வெட்டிக்கொண்டால் பிழை குறையும். மிகக் கூர்மையான கோணத்தில் வெட்டினால் பிழை பெருகும்.

செயற்கைக்கோளும் காவலரும்

தேராதூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004ஆம் ஆண்டு முதல் செயற்கைக்கோள் வாயிலாகத் தீச்செய்திகளை மாநில வனத்துறைகளுக்கு அனுப்பி வருகிறது. முதலில் பயன்பட்ட மோடிஸ் என்னும் கருவி 1 கிலோமீட்டர் அளவுள்ள கட்டங்களாக நிலத்தை நோக்கியது. பின்னர் வந்த விர்ஸ் என்னும் கருவி 375 மீட்டர் அளவுள்ள கட்டங்களாக நோக்குகிறது. மனிதர் எட்டாத காடுகளையும் இது காணும். ஆயினும் இக்கருவியைத் தாங்கிய செயற்கைக்கோள் ஓரிடத்திற்கு மேலாக நாளொன்றுக்குச் சில முறையே செல்கிறது. ஒரு முறை கடந்து சென்றபின் எழுந்த தீ, அடுத்த முறை வரும்வரை அதற்குத் தெரியாது. மேகமும் அடர்ந்த மரக்கிளைகளும் தீயை மறைத்தலும் கூடும். இந்த இடைவெளியை நிரப்புவோர் கோபுரத்திலும் குன்றிலும் நிற்கும் தீக்காவலரே. காட்டின் ஒவ்வொரு மடுவையும் பாதையையும் பெயர் சொல்லி அறிந்த உள்ளூர் மக்கள் இப்பணிக்குப் பெரிதும் உதவுகின்றனர்.

மலையேறுவோருக்கு எச்சரிக்கை

தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாளன்று மலையேற்றத்திற்குச் சென்றிருந்த குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் அவ்வாண்டிலேயே மலையேற்றத்திற்கென மாநில அரசு விதிகளை வகுத்தது.

தீ சரிவில் மேல்நோக்கியே விரைந்து பாய்கிறது. கீழே எழும் சுவாலை மேலுள்ள புல்லை நோக்கிச் சாய்ந்து அதனை முன்னதாகவே உலர்த்திவிடுகிறது. சரிவு 10 பாகை மிகுந்தால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். பகலில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். ஆதலின் தீக்கு முன்னால் மேல்நோக்கி ஓடுதல் கூடாது. ஓடைப்பள்ளங்களில் பதுங்குதலும் கூடாது. தீயின் போக்கிற்குக் குறுக்கே பக்கவாட்டில் விலகி, வெறும் பாறையையோ, நீர்நிலையையோ, முன்பே எரிந்து ஆறிய நிலத்தையோ அடைதல் வேண்டும். தீக்காலத்தில் வனத்துறை மலைப்பாதைகளை மூடினால், அத்தடையை மீறி மாணவரை அழைத்துச் செல்லலாகாது.

பள்ளியில் செய்யத்தக்க பயிற்சி

உயரமான மாடியிலோ அனுமதி பெற்ற குன்றிலோ சாதாரணத் திசைகாட்டி கொண்டு இம்முறையைக் கற்பிக்கலாம். திசைக்கோணம் வடக்கைச் சுழியாகக் கொண்டு வலஞ்சுழியாக எண்ணப்படும். எடுத்துக்காட்டாக, அ என்னும் இடத்திற்கு நேர்கிழக்கே 8 கிலோமீட்டரில் ஆ என்னும் இடம் இருப்பதாகக் கொள்வோம். அ-விலிருந்து புகை 45 பாகையிலும், ஆ-விலிருந்து 315 பாகையிலும் தெரிகிறது. வரைதாளில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என வரைந்து பார்த்தால், தீ அ-விற்குக் கிழக்கே 4 கிலோமீட்டரிலும் அங்கிருந்து வடக்கே 4 கிலோமீட்டரிலும் இருப்பது விளங்கும். அ-விலிருந்து அதன் நேர்த்தொலைவு 5.7 கிலோமீட்டர்.

உண்மையில் காட்டுப்புகை ஒன்றைக் காண நேர்ந்தால், பின்வரும் ஐந்து செய்திகளைக் குறித்து அருகிலுள்ள வன அலுவலகத்திற்கு உடனே அறிவித்தல் வேண்டும்: நோக்கியவர் நின்ற இடம், புகையின் திசைக்கோணம், அதற்கு அண்மையிலுள்ள குன்று அல்லது ஏரியின் பெயர், புகையின் நிறமும் அது சாயும் பக்கமும், கண்ட நேரம். அந்த அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைப் புறப்படுமுன்னரே எழுதி வைத்துக்கொள்வது மலையேற்றக் குழுத்தலைவரின் முதற்கடமையாகும்.