கரிக்கியூர்ப் பாறையும் கிரேக்கச் சாடியும்

நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரிக்கு அப்பால், இருளர் வாழும் கரிக்கியூர் மலைச்சரிவில் தொன்மையான பாறை ஓவியங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் காளைகளை மனிதர் துரத்துகின்றனர். இது ஏறு தழுவுதலுக்கு மிகப் பழைய சான்று என்றும் 3500 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்றும் ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். சல்லிக்கட்டு வழக்குமன்றம் ஏறி, 2023ஆம் ஆண்டு உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தமிழகச் சட்டத்தை ஏற்றுக்கொண்டுவிட்ட நிலையில், இத்தகைய சான்றுகளை நிதானமாக நோக்குவது இயலும். வரைந்தவன் காட்ட விரும்பியது போட்டியைத்தானா? வேட்டையையும் மந்தையை மடக்குவதையும்கூட இவ்வாறே வரைய முடியுமல்லவா?

போட்டிகளை வரைவதில் பெயர்பெற்ற பண்டைக் கிரேக்கரிடம் இந்த ஐயம் எழுவது அரிது. ஏதென்சு நகரில் நான்காண்டுக்கு ஒருமுறை நடந்த பெருவிழாவில், வென்றோருக்கு ஒலிவ எண்ணெய் நிரம்பிய பெருஞ்சாடிகள் பரிசாயின. ஒரு சாடி ஏறத்தாழ 38 லிட்டர் கொள்ளும். தேர்ப்பந்தயத்தின் முதற்பரிசு 140 சாடிகள் என்கிறது கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று. (அவ்வளவு எண்ணெயையும் ஒரு வீடு செலவிட முடியாது; விற்பனைக்குத்தான் போயிருக்கும்.) சாடியின் ஒருபுறம் நகரத் தெய்வமான அதீனா, மறுபுறம் ஓட்டம், மற்போர், தேரோட்டம் என ஏதேனும் ஒரு போட்டி. ஓடுவோர் கைகளை அகல வீசினால் குறுந்தூரம், உடலோடு ஒட்டி மடக்கினால் நெடுந்தூரம். போதாதற்கு, ‘ஏதென்சுப் போட்டிகளுக்குரியது’ என்ற எழுத்தும் உண்டு.

கி.மு. 580ஐ ஒட்டிய காலத்தில் சோபிலோசு என்னும் ஓவியர் தீட்டிய கலத்தின் உடைந்த துண்டொன்றில் பாய்ந்து வரும் குதிரைகளும் படிவரிசையில் அமர்ந்து ஆரவாரிக்கும் மக்களும் உள்ளனர். பார்த்தவுடன் திருவிழா என்றே தோன்றும். எழுத்தைப் படித்தால்தான், அது பத்ரோக்ளசு என்ற வீரனின் ஈமச் சடங்கையொட்டி நடந்த பந்தயம் என்பது விளங்கும். ஓவியம் மட்டும் கிடைத்து எழுத்து அழிந்திருந்தால் நாம் தவறியிருப்போம்.

கரிக்கியூரில் அந்த எழுத்து இல்லை. முல்லைநில மக்களின் ஏறு தழுவுதலைக் கலித்தொகை விரிவாகவே பாடுகிறது. எனினும் அந்நூலுக்கும் இந்தப் பாறைக்கும் இடையே நெடுங்கால இடைவெளி உள்ளது. இதே மலையில் வாழும் தோடரின் மரபோ வேறொரு வழியைக் காட்டுகிறது. அவர்களுடைய ஈமச் சடங்கில் இளைஞர்கள் எருமையைத் துரத்திச் சென்று, கொம்பையும் கழுத்தையும் பற்றி அடக்குவர். ஆற்றலும் துணிவும் வேண்டிய செயல்தான். ஆயினும் அது விளையாட்டன்று, இறந்தவருக்கான கடமை. 1901-02இல் அவர்களிடையே தங்கி ஆராய்ந்த ரிவர்ஸ், 1906இல் வெளியிட்ட நூலில் இச்சடங்கை விவரித்துள்ளார்.

ஓவியத்தில் உள்ளவை எருமைகள் என்றோ, வரைந்தவர்கள் தோடரின் முன்னோர் என்றோ நாம் கூறவில்லை. விலங்கை விரட்டும் மனிதன் விளையாடத்தான் வேண்டும் என்பதில்லை. நாம் சொல்வது அவ்வளவே. நீலகிரியின் பழங்காலக் கற்குவைக் கல்லறைகளை அகழ்ந்து, மாவட்ட ஆணையர் பிரீக்ஸ் திரட்டிய மட்கலங்கள் இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஈமத்துக்கென வனைந்த அக்கலங்களின் மூடிகள் மீது குதிரை வீரரோடு எருமைகளும் நிற்கின்றன.