சோற்றுமலையில் ரச வாய்க்கால்

சனிக்கோளின் நிலவான டைட்டனில் ஆறு ஓடுகிறது என்று அடிக்கடி தலைப்புச் செய்தி வரும். நாசாவின் டிராகன்ஃபிளை விண்கலம் 2028இல் அங்கே கிளம்பவிருப்பதால் இனி இன்னும் அதிகமாக வரும். ஓடுவது மீத்தேன், அதுவும் மைனஸ் 179 டிகிரிக் குளிரில். ‘இன்னொரு பூமி’ என்று துள்ள ஒன்றுமில்லை.

ஊரை விட்டு எஸ்டேட் பக்கம் போனால் அதைவிடச் சுவையான காட்சி கிடைக்கும். செம்பனை மறுநடவுக்காக மொட்டையடித்த சரிவில் கனமழை பெய்த மறுநாள், செம்மண்ணில் விரல் தடிமனுக்கு ஓடைக்கோடுகள் விழுந்திருக்கும். அவை ஒட்டியும் கிடக்காது, மனம்போனபடி விலகியும் போகாது. அநேகமாக ஒரே இடைவெளி. யார் அளந்து வைத்தது?

எம்ஐடியின் நிலவடிவியலாளர் டெய்லர் பெரான், கிர்ச்னர், டீட்ரிக் இருவருடனும் சேர்ந்து மலைப் பள்ளத்தாக்குகளிலும் தெரியும் இதே ஒழுங்குக்கு 2009இல் ‘நேச்சர்’ இதழில் விடை எழுதினார். இலையில் சோற்றைக் குவித்து உச்சியில் ரசம் ஊற்றுங்கள். ரசம் வாய்க்கால் வெட்டும். பக்கத்துப் பருக்கைகள் சரிந்து அதைத் தூர்க்கும். மலையில் வெட்டுவது மழைநீர். தூர்ப்பது கறையான், வேர், காட்டுப்பன்றி, சாய்ந்து விழும் மரம். இவையெல்லாம் மண்ணைப் பிடிப் பிடியாகக் கீழே நகர்த்துகின்றன. சின்னப் பள்ளத்தைத் தூர்க்க மண் அதிக தூரம் போக வேண்டாம், அதனால் அங்கே தூர்ப்பவர் கட்சி ஜெயிக்கும். சரிவு நீள நீளத் தண்ணீர் திரண்டு, வெட்டுபவர் கை ஓங்கும். இருவரும் சமபலமாகும் நீளம் ஒன்று உண்டு. பள்ளத்தாக்குகளின் இடைவெளியைத் தீர்மானிப்பது அதுதான். நெருங்கி விழுந்த இரண்டு ஓடைகளில் ஒன்று பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் பறித்துக்கொள்ளும். மற்றது தூர்ந்தே போகும். குழைந்த சோறென்றால் கணக்கு வராது, சமைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

கலிபோர்னியாவின் கபிலான் மேட்டில் பள்ளத்தாக்குகளுக்கு நடுவே 150 மீட்டருக்குச் சற்று மேல் இடைவெளி. பெரானின் கணக்கு அதற்குப் பொருந்தியது. 2015இல் ஸ்வீனி, ரோரிங், எல்லிஸ் மூவரும் ஆய்வகத்தில் ஒரு பெட்டி சிலிக்காத் தூளில் செயற்கை மழை பெய்வித்தார்கள். பெரிய துளிகள் தெறித்து மேட்டை மழுக்க மழுக்க, பள்ளங்கள் அகன்று விலகின.

வரலாறு வேண்டுமென்றால்: மலையுச்சி ஏன் வளைந்திருக்கிறது என்பதற்கு மண் நகர்வைக் காரணமாக கில்பர்ட் 1909லேயே சொல்லிவிட்டார். கணினிக்காக விஷயம் நூறாண்டு காத்திருந்தது, அவ்வளவுதான்.

மழை மண்ணை வெட்டும் என்ற பாடம் ரப்பர் தோட்டங்களுக்கு வேறு வழியில் கிடைத்தது. ஒரு புல்கூடத் தெரியக்கூடாதென்று துரைமார் நிரை நிரையாகக் களை எடுக்க வைத்த காலத்தில், மேல்மண் மழையோடு ஆற்றுக்குப் போனது. பிறகுதான் பியூராரியா, கலப்போகோனியம் என்று மூடுகொடிகளைப் படரவிட்டார்கள். சோற்றின் மேல் அப்பளத்தைக் கவிழ்த்தாற்போல் என்று வைத்துக்கொள்ளலாம். ரசம் நேரே விழாது.

டைட்டனிலும் இதே கணக்கு செல்லுமா? அங்கே பாறை என்பதே உறைந்த தண்ணீர். ஹைகன்ஸ் ஆய்வுக்கலம் 2005இல் அங்கே இறங்கியபோது உருண்டைக் கற்களைப் படமெடுத்தது. ஏதோ ஒன்று அவற்றை உருட்டியிருக்கிறது. ஆனால் சனியைச் சுற்றிவந்த காசினி விண்கலத்தின் ரேடார், மிகத் துல்லியமான படத்திலும், ஏறக்குறைய 300 மீட்டருக்குக் குறைந்த எதையும் பிரித்துக் காட்டவில்லை. கபிலான் மேடு அங்கே இருந்தாலும் அதன் இரண்டு பள்ளத்தாக்குகள் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். டிராகன்ஃபிளை இறங்கப்போவதோ மணல்மேடுகள் நிறைந்த ஷாங்க்ரி-லா என்ற பகுதியில்.